பவர் பிஐ-யில் தேதி டேபிள்: தானாக வருவதா, நாமே கட்டுவதா?

பவர் பிஐ என்பது தரவுகளிலிருந்து ரிப்போர்ட் போட உதவும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். தேதி டேபிள் என்பது நாளுக்கு ஒரு வரிசையாக, மாதம், ஆண்டு விவரத்தோடு இருக்கும் டேபிள். ஏப்ரலில் கணக்கு தொடங்கும் நிறுவனத்துக்கு விற்பனை ரிப்போர்ட் போடுகிறவர் முதலில், அதைத் தானாக உருவாக்கும் ‘ஆட்டோ டேட் டைம்’ வசதியை அணைத்துவிட வேண்டும். பவர் பிஐ டெஸ்க்டாப்பில் இது டிக் போட்டபடியே வருகிறது. ஆர்டர், பில், டெலிவரி என்று மூன்று தேதி நெடுவரிசைகள் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத மூன்று தேதி டேபிள்களை உருவாக்கிவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததால் விற்பனையையும் இலக்கையும் ஒரே மாத அச்சில் வைக்க முடியாது. ஆண்டும் ஜனவரியில்தான் தொடங்கும். டெலிவரி தேதி தெரியாத இடத்தில் யாராவது 31-12-2099 என்று போட்டிருந்தால், அதுவரை எல்லா நாளும் முளைத்து ஃபைல் வீங்கும். அவசரத்துக்கு ஒரு சின்ன ஃபைலைப் புரட்டிப் பார்க்க மட்டும் இது போதும்.

ஆப்ஷன்ஸில் டேட்டா லோட் பகுதியில் டிக்கை எடுக்கலாம். ‘குளோபல்’ பக்கத்தில் எடுத்தால் இனி தொடங்கும் ஃபைல்களுக்குத்தான் பலிக்கும். திறந்திருக்கும் ஃபைலுக்கு ‘கரண்ட் ஃபைல்’ பக்கத்திலும் எடுக்க வேண்டும்.

நாமே கட்டுவதென்றால் டாக்ஸ் (பவர் பிஐ-யின் ஃபார்முலா மொழி) அல்லது பவர் குவெரி (தரவை எடுத்துச் சீராக்கும் பகுதி). டாக்ஸில் வேலை ஒரே வரி: கேலண்டர்ஆட்டோ ஃபங்ஷனுக்கு 3 என்று கொடுத்தால் மார்ச்சில் முடியும் நிதியாண்டுகளாகத் தேதிகள் வந்துவிடும். ஆனால் மாடலில் (ஃபைலின் டேபிள் தொகுப்பில்) உள்ள தேதி நெடுவரிசைகளையெல்லாம் அது துழாவும். வாடிக்கையாளரின் பிறந்த தேதி உள்ளே இருந்தால் டேபிள் 1960-களிலிருந்து தொடங்கிவிடும். அதனால் தொடக்கமும் முடிவும் நாமே சொல்லும் கேலண்டர் ஃபங்ஷன்தான் பாதுகாப்பு. ஒரே ரிப்போர்ட் என்றால் டாக்ஸ் போதும். பல ரிப்போர்ட்டுகள் என்றால் பவர் குவெரியே சரி. பல ரிப்போர்ட்டுகளுக்கும் பொதுவாகப் பகிரும் டேட்டாஃப்ளோவில் ஒருமுறை வைத்துவிட்டால் எல்லோரும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பவர் குவெரியில் நாட்களின் எண்ணிக்கையைக் கையால் கொடுக்கும்போது கவனம் தேவை. 1-4-2021 முதல் நான்கு நிதியாண்டுகளுக்கு 1461 நாட்கள். 2024 பிப்ரவரி 29 நடுவில் வருகிறது. 365-ஐ நான்கால் பெருக்கி 1460 என்று போட்டால் 31-3-2025 விடுபடும். ஆண்டுக் கடைசி நாளில் அடித்த பில்கள் அத்தனையும், தேதி பொருந்தாதவை சேரும் ‘பிளாங்க்’ (வெற்று) வரிசையில் போய் உட்காரும்.

அதே பிளாங்க் பெரிய தொகையோடு வந்தால் நேரத்தைச் சந்தேகியுங்கள். விற்பனை டேபிளில் காலை 10.35 ஒட்டிக்கொண்டிருக்கும் தேதி, நள்ளிரவு 00.00 என்றிருக்கும் காலண்டர் தேதியோடு சேராது. ஃபார்மட்டை மாற்றினால் பார்வைக்குத்தான் நேரம் மறையும். பவர் குவெரியிலேயே டேட்டா டைப்பை ‘டேட்’ ஆக்க வேண்டும். பிறகு நாம் கட்டிய தேதி டேபிளுக்கு ‘மார்க் ஆஸ் டேட் டேபிள்’ கொடுங்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலோ, தேதி இரட்டித்தாலோ அது ஏற்காது. நமக்கு நல்ல சோதனை. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் டோட்டல்ஒய்டிடி ஃபங்ஷனை எழுதும்போது ஆண்டு முடிவாக மார்ச் 31-ஐக் குறிப்பிட வேண்டும். விட்டால் கூட்டுத்தொகை ஜனவரியில் புதிதாகத் தொடங்கும்.

இனி ஆர்டர் தேதி, டெலிவரி தேதி இரண்டும் வேண்டும் என்றால்? இரு டேபிள்களுக்கு நடுவே ஒரு இணைப்புதான் இயங்கும். மற்றது புள்ளிக்கோடாக நிற்கும். அதை யூஸ்ரிலேஷன்ஷிப் ஃபங்ஷன் மூலம் மெஷருக்குள் (டாக்ஸில் எழுதும் கணக்கீட்டுக்குள்) எழுப்பலாம். ஒரே மாத அச்சில் ஆர்டர் எவ்வளவு, டெலிவரி எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்ட இதுதான் சிறந்த வழி. மெஷர்களை இரண்டிரண்டாக எழுதும் சுமை உண்டு.

ஆனால் “மார்ச்சில் எடுத்த ஆர்டரில் ஏப்ரலில் போனது எவ்வளவு?” என்று முதலாளி கேட்டால் அது உதவாது. வரிசையில் ஆர்டர் மாதம், குறுக்கே டெலிவரி மாதம் வைக்க இரண்டு தேதி டேபிள்கள் தேவை. இரண்டாவதில் நெடுவரிசைப் பெயர்களையும் ‘டெலிவரி மாதம்’, ‘டெலிவரி ஆண்டு’ என்று மாற்றிவிடுங்கள். இரண்டிலும் ‘மாதம்’ என்றே விட்டால், ஸ்லைசரை (ரிப்போர்ட்டில் வடிகட்டும் பெட்டியை) பார்ப்பவருக்கு எது எதை வடிகட்டுகிறது என்று தெரியாது.