டிசம்பர் ஃபெசன்ட் வேட்டை: கிளப்பும் நாயா, நின்று காட்டும் நாயா?

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை அமெரிக்காவின் தெற்கு டகோடா மாநிலத்தில், காட்டுக்கோழி போன்ற ஃபெசன்ட் பறவையின் வேட்டைப் பருவம் திறக்கிறது. அன்றைக்கு எந்த நாயும் கெட்டிக்கார நாய்தான். அந்த ஆண்டு பொரித்த இளஞ்சேவல்களுக்கு மனிதனையும் தெரியாது, துப்பாக்கியையும் தெரியாது. காலடியில் வந்த பிறகுதான் எழும்பும். டிசம்பர் பிறந்தால் கதையே வேறு. மிஞ்சியிருப்பவை ஆறேழு வாரம் சூடு வாங்காமல் தப்பிய சேவல்கள். வண்டிக் கதவைச் சாத்தும் சத்தத்துக்கே வயலின் மறுகோடியில் எழும்பிப் போய்விடும். எழும்பாதது ஓடும். அதிலும் பொது நிலத்துச் சேவல், எந்த மூலையில் வண்டி நிற்கும், ஆட்கள் எந்தப் பக்கமாக இறங்குவார்கள் என்பதை அறிந்தே வைத்திருக்கும்.

லேப்ரடார், இங்கிலிஷ் ஸ்பிரிங்கர் ஸ்பேனியல், காக்கர், பாய்கின் எல்லாம் கிளப்பும் நாய்கள். வாடை கிடைத்ததும் பாய்ந்து பறவையை எழுப்பிவிடும். ஆகவே ஆளை விட்டு 20, 25 கெஜத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் பறவை குண்டு எட்டாத தூரத்தில் எழும்பும். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர், இங்கிலிஷ் செட்டர், பிரிட்டனி போன்றவை நின்று காட்டும் நாய்கள். வாடை பிடிபட்ட இடத்தில் அசையாமல் நிற்கும். எழுப்புவது நம் வேலை. 150 கெஜம் தள்ளிப் போனாலும் குற்றமில்லை. நம்மூர்க் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. இங்கே எல்லாமே மூக்கு வேலை.

எந்த இனம் உசத்தி என்று கேட்டால் விடிய விடியப் பேசலாம். எந்தப் புதர், எத்தனை பேர், என்ன பனி என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும். எங்கள் கணக்கில் இவற்றோடு இன்னொன்றும் உண்டு: சுட்ட பறவை கைக்கு வருகிறதா?

சம்பங்கோரைக்குள்

தெற்கு டகோடாவின் கிழக்குப் பாதியில் பள்ளமான சதுப்புக் குட்டைகள் ஏராளம். குளிர் முற்றியதும் புல்வெளியைப் பனி அமுக்கிவிடும். சேவல்கள் எல்லாம் இந்தக் குட்டைகளைச் சுற்றியுள்ள சம்பங்கோரைக்குள் அடைந்துவிடும். கோரை ஆறேழு அடி உயரம். உள்ளே நின்று காட்டும் நாய் எங்கே நிற்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. கழுத்துப் பட்டையின் ஜிபிஎஸ் அதிர்ந்து, அந்தத் திசையில் கோரையை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பறவை நடந்தே இடத்தைக் காலி செய்திருக்கும்.

கிளப்பும் நாய்க்கு இதுதான் சொந்த மைதானம். அடர்ந்த கோரைக்குள் ஓடிக்கொண்டே எழும்ப ஃபெசன்டுக்கு வசதி போதாது. நாய் நெருக்கினால் நேர் மேலே எம்பித்தான் வரவேண்டும். எம்பும் அந்த ஒரு நொடி அதன் வேகம் குறைவு, தூரமும் 15, 20 கெஜம்தான். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முன்கூட்டியே, சத்தமில்லாமல், கோரை முடியும் முனையில் போய் நிற்க வேண்டும். மற்றவர் நாயோடு எதிர்காற்றில் உள்ளே இறங்க வேண்டும். வெறும் பனிக்கட்டிப் பரப்போ வெட்டிய வயலோ இருக்கும் பக்கமாக ஓட்டினால், ஒளிய இடம் தீர்ந்த சேவல் அங்கே எழும்பியே ஆகவேண்டும். கோரை தொடர்ந்து போகும் பக்கமாக ஓட்டினால் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே இருக்கலாம்.

லேப்ரடாருக்கும் ஸ்பிரிங்கருக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் தெரியும். ஸ்பிரிங்கர் இடமும் வலமுமாக அறுத்து அறுத்து வரும், ஓரிடம் விடாது. லேப்ரடார் ஒரு தடம் கிடைத்தால் நூல் பிடித்தாற்போல அதன் பின்னாலேயே போகும். சேவல் ஓடுகாலியாக இருந்தால் லேப் அதை 100 கெஜம் துரத்தி, நமக்கு எட்டாத இடத்தில் எழுப்பிவிட்டுப் பெருமையோடு திரும்பிப் பார்க்கும். ஒற்றை விசிலுக்கு உட்காரும் பழக்கம் இல்லாத கிளப்பும் நாயை டிசம்பரில் கொண்டுபோவது வீண். விசிலைவிடக் கழுத்துப் பட்டையின் அதிர்வுக்கே உட்காரப் பழக்கியிருந்தால் இன்னும் நல்லது. விசில் சத்தம் என்றால் என்ன என்று அந்தச் சேவல்களுக்கும் தெரியும்.

கோரைக்குள் இறங்குமுன் ஐஸைப் பாருங்கள். தெளிவான, புதிய ஐஸ் 4 அங்குலம் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம் என்பது பொதுவான அளவு. குட்டைக்குள் அதை அப்படியே நம்பக் கூடாது. அழுகும் செடிகளும் தண்டுகளும் ஐஸை மெலிய வைக்கும். மஸ்க்ராட் எலிகளின் மேடுகளைச் சுற்றி இன்னும் மெல்லிது. மேலே கனத்த பனி மூடியிருந்தால் கீழே உறைவதும் தாமதமாகும். ஆள் இடுப்பளவு சேற்றில் சிக்குவார். நாய் ஐஸுக்கு அடியில் போய்விட்டால் திரும்ப வழியில்லை. கம்பால் தட்டிக்கொண்டே போங்கள், சந்தேகம் வந்தால் ஓரக் கோரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திறந்த புல்லில் கணக்கு தலைகீழ்

மண் காப்புக்காக உழாமல் விடும் நிலத்துக்கு விவசாயிக்கு ஆண்டுதோறும் பணம் தரும் சிஆர்பி திட்டம் 1985 விவசாயச் சட்டத்தில் வந்தது. அப்படி விட்ட புல்வெளிகளில் பலவற்றை மாநில அரசு குத்தகைக்கு எடுத்து, நடந்து போய் வேட்டையாடத் திறந்துவிடுகிறது. வாக்-இன் ஏரியா என்ற பலகை இருக்கும் நிலங்கள் அந்த வகை.

அங்கே ஒரு துண்டு பெரும்பாலும் 160 ஏக்கர். பக்கத்துக்கு அரை மைல், அதாவது 880 கெஜம். கிளப்பும் நாயோடு தனியாக நடப்பவர் ஒரு நடைக்கு அலசுவது 50 கெஜ அகலம். முழுத் துண்டையும் பார்க்க 18 நடை, 9 மைல். பனியில் முழங்கால் புதைய 9 மைல் என்பது பேச்சுக்குத்தான். இருபுறமும் 150 கெஜம் விரிந்து ஓடும் செட்டரோ ஷார்ட்ஹேரோ இருந்தால் அதே துண்டு 3 நடையில், ஒன்றரை மைலில் முடிந்தது. தனி ஆளுக்குத் திறந்த புல்லில் நின்று காட்டும் நாய்தான். இதில் வாதமே இல்லை.

ஆனால் நாய் நின்றதும் நேராக அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து போகிற பழக்கம் காடைக்குச் சரி, ஃபெசன்டுக்கு ஆகாது. சேவல் முன்பக்கமாக ஓடியே போய்விடும். நாயைச் சுற்றி அகலமாக வளைந்து, அதற்கு 30, 40 கெஜம் முன்னால் போய், அங்கிருந்து நாயை நோக்கி வர வேண்டும். நடுவில் மாட்டிய சேவலுக்கு எழும்புவதைத் தவிர வழியில்லை. இதைச் சத்தமில்லாமல் செய்ய வேண்டும். பீப் அடிக்கும் பட்டையை அணைத்துவிட்டுக் கையிலுள்ள கருவி அதிரும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

போட்டிக்காகப் பழக்கிய நாய்க்கு இன்னொரு தொல்லை. ஆள் வரும்வரை அசையக் கூடாது என்று படித்த நாய், வாடை மெலிந்த பிறகும் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டே நிற்கும். பறவை நகர்ந்ததை உணர்ந்து, தானே பூனை நடை நடந்து மறுபடி பிடிக்கும் நாய்தான் டிசம்பருக்கு உதவும். நாய்க்குட்டி வாங்கும்போது பெற்றோர் ஃபெசன்டில் உழைத்தவையா, காடையில் மட்டும் உழைத்தவையா என்று கேட்பது இதற்காகத்தான்.

பெட்டைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுட அனுமதி சேவலுக்கு மட்டும். தெற்கு டகோடாவிலும் அதன் பக்கத்து மாநிலமான அயோவாவிலும் ஆளுக்கு நாளுக்கு மூன்று. பெட்டைகளோ சேவலைவிட அழுத்தமாகப் பதுங்கும். எனவே டிசம்பரில் நாய் நின்று காட்டுபவற்றில் பாதிக்கு மேல் பெட்டை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் நாமும் வளைந்து போய் எழுப்பி, நாயைத் தட்டிக்கொடுத்து அனுப்ப வேண்டும். கிளப்பும் நாயானால் பெட்டை எழும்பிய மறுநொடி வேலை தொடரும். தெற்கு டகோடாவில் காலை 10 மணிக்குத்தான் சுடத் தொடங்கலாம், பருவம் ஜனவரி 31 வரை. அயோவாவில் காலை 8 முதல் மாலை 4.30 வரை, பருவம் ஜனவரி 10 வரை. குளிர்காலப் பகல் குட்டையானது. இந்த வீணாகும் நேரம் சிறிய விஷயமல்ல.

பனி எப்படி விழுந்திருக்கிறது என்பதும் ஆட்டத்தை மாற்றும். இரவில் 4, 5 அங்குலம் மென்பனி விழுந்து காற்று அடங்கிய காலை, நின்று காட்டும் நாய்க்கு வருடத்தின் மிகச் சிறந்த நாள். பறவை பனிக்கடியில் பதுங்கிக் கிடக்கும், நகராது. பகலில் உருகி இரவில் ஓடு கட்டிய பனி இரண்டு வகைக்கும் சாபம்: நம் ஒவ்வொரு அடியும் 100 கெஜம் கேட்கும். அந்த மாதிரி நாளில் பலத்த காற்று வீசினால் மட்டும் இறங்குங்கள், அதுவும் சம்பங்கோரையில்.

சுட்ட பிறகு

கடைசிப் பருவச் சூடுகள் நீளமானவை. அடிபட்டு இறக்கை ஒடிந்த சேவல் விழுந்த இடத்தில் கிடக்காது. கால் நன்றாக இருக்கும், ஓடும். விழுந்த முதல் அரை நிமிடத்தில் நாய் அங்கே இல்லாவிட்டால் கோரைக்குள் அதைத் தேடுவது கடினம். லேப்ரடாருக்கு ஈடு இணை இல்லாத இடம் இதுதான். செட்டர்களில் பல, செத்த பறவையைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும், எடுத்து வராது. ஷார்ட்ஹேர் எடுத்து வரும், ஆனால் மைனஸ் 15 டிகிரியில் அதன் மெல்லிய முடி தாங்காது. ஒருமுறை நீரில் இறங்கி நனைந்தால் நடுங்கத் தொடங்கும்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: ஜெர்மன் வயர்ஹேர்டு பாயிண்டரும் அதன் மூல வடிவமான டிராட்ஹாரும். கம்பி போன்ற முடி, கீழே அடர்ந்த உள்மயிர், நின்று காட்டும் குணம், தடம் பிடித்து எடுத்து வரும் பிடிவாதம். ஜெர்மனியில் டிராட்ஹார் குட்டிகளுக்கான முதல் தேர்வில், கண்ணுக்கு மறைந்த முயலின் தடத்தை மூக்கால் தொடர்வது ஒரு முக்கியப் பகுதி. அடிபட்டு ஓடும் சேவலுக்கு வேண்டியதும் அந்தப் பாடமே. செட்டர் போல விரியாது, ஸ்பிரிங்கர் போலக் கோரையை அறுக்காது. இரண்டிலும் இரண்டாமிடம் வாங்கும் நாய் என்றாலும், பொது நிலத்தில் ஒரே நாளில் புல்லும் கோரையும் மாறி மாறி வரும்போது அந்த இரண்டாமிடங்கள் கூடி நல்ல நாளாகிவிடும்.

துப்பாக்கியும் நாயைப் பொறுத்தே. வாட்டர்ஃபௌல் புரடக்‌ஷன் ஏரியா எனப்படும் மத்திய அரசு நிலங்களில் ஈய ரவைக்குத் தடை. தெற்கு டகோடா மாநில அரசின் நிலங்களான கேம் புரடக்‌ஷன் ஏரியாக்களிலும் அப்படியே. இரும்பு ரவை ஈயத்தைவிட எடை குறைந்தது, தூரத்தில் சீக்கிரம் வலுவிழக்கும். ஆகவே ஒரு பருமன், இரண்டு பருமன் பெரிதாகப் போக வேண்டும் (எண் குறைந்தால் ரவை பெரிது). 12 போர் துப்பாக்கிக்கு 3ஆம் எண் இரும்பு ரவை, 1⅛ அவுன்ஸ் அல்லது 1¼ அவுன்ஸ். கோரையில் கிளப்பும் நாயோடு முதல் குழலுக்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக், அதாவது குழல் வாயில் லேசான இறுக்கம், போதும். புல்லில் நாய் நிற்குமுன்பே எழும்பும் சேவலுக்கு இரண்டாம் குழலில் அதைவிட இறுக்கமான மாடிஃபைடு சோக்கும் 2ஆம் எண் ரவையும் வைக்கலாம். இரும்புக்கு ஏற்றதென்று குறிக்காத பழைய ஃபுல் சோக் குழலில் இரும்பைப் போடாதீர்கள். பிஸ்மத் உலோகத்தில் 5ஆம் எண் ரவை விலை கூடுதல், ஆனால் குழல் பிழைக்கும். கிளப்பும் நாய் பறவையோடு சேர்ந்து எம்பும். பறவைக்குக் கீழே வானம் தெரியாவிட்டால் சுடவே கூடாது.

கால், முடி, பொறி

நீள முடிக்காரர்களான ஸ்பிரிங்கருக்கும் செட்டருக்கும் விரலிடுக்கில் பனி உருண்டை கட்டும். நாய் நொண்டிக்கொண்டு நின்று நின்று கடிக்கும். முதல் நாளே விரலிடுக்கு முடியைக் கத்தரித்து, காலையில் மெழுகுக் களிம்பு தடவிவிடுங்கள். ஓடு கட்டிய பனி எந்த நாயின் பாதத்தையும் அறுக்கும். ரப்பர் பூட் போட்டால் மேலே சுற்றும் டேப்பை இறுக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இறுகிய டேப் பாதத்தை வீங்க வைத்துவிடும். நியோப்ரீன் அங்கி ஷார்ட்ஹேருக்கும் லேப்புக்கும் நல்லது, அக்குளில் உராய்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பொது நிலத்தில் பொறி வைப்பதும் சட்டப்படி நடப்பதுதான். குட்டை ஓரங்களில் கழுத்தைப் பிடிக்கும் சதுரக் கம்பிப் பொறி இருக்கலாம். மோப்பம் பிடித்துத் தலையை நுழைக்கும் எந்த நாய்க்கும் அது எமன். நாலைந்து அடிக் கயிறு ஒன்றும், கம்பிக் கண்ணியை வெட்டும் கட்டரும் பையில் இருக்கட்டும். கயிற்றை ஸ்பிரிங்கின் இரண்டு வளையங்களுக்குள்ளும் கோத்து, மறுபடி முதல் வளையத்தில் நுழைத்து, ஒரு முனையைக் காலால் மிதித்து மறுமுனையை இழுத்தால் ஸ்பிரிங் ஒடுங்கும். கொக்கியைப் போட்டுப் பூட்டிவிட்டு அடுத்த ஸ்பிரிங்குக்குப் போகலாம். வெறுங்கையால் அழுத்த முடியாது. வீட்டில் ஒருமுறை பழகிப் பார்க்காதவருக்குப் பதற்றத்தில் கை ஓடாது.

ஒரே ஒரு நாய்தான் என்றால்: கிழக்கு டகோடாவின் குட்டை நாட்டில், கூட்டாளியோடு போகிறவருக்கு லேப் அல்லது ஸ்பிரிங்கர். பெரும்பாலும் தனியாக வாக்-இன் புல்வெளிகளில் நடப்பவருக்கு ஷார்ட்ஹேர். இரண்டும் கலந்த நிலம், கடுங்குளிர் என்றால் வயர்ஹேர். செட்டரை அழகுக்காக வாங்குங்கள், டிசம்பருக்காக வாங்காதீர்கள். ஒரு லேப்பும் ஒரு பாயிண்டரும் சேர்த்து ஓட்டுபவர்கள் லேப்பைக் காலடியில் நடக்க வைத்து, எழுப்பவும் எடுக்கவும் மட்டும் அனுப்ப வேண்டும். அவிழ்த்துவிட்டால் பாயிண்டர் காட்டி நிற்கும் பறவையை லேப் பறித்துக் கிளப்பும். நாளடைவில் பாயிண்டரும் நிற்பதை விட்டுவிட்டு முந்திப் பாயப் பழகிவிடும். முதல் வருடக் குட்டியானால் அக்டோபரிலேயே தொடங்குங்கள். ஓடுகாலிச் சேவல்களில் முதல் பாடம் படித்த பாயிண்டர் குட்டியை மறுபடி நிற்கப் பழக்குவதற்கு அடுத்த கோடை முழுவதும் போய்விடும்.