நிற்காமல் நீந்துவதா, 25 மீட்டராக வெட்டி நீந்துவதா?

எனக்கு நீச்சல் தெரியும் என்றுதான் 40 வயது வரை நினைத்திருந்தேன். ஈரோட்டுப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவன். மேட்டிலிருந்து குதிப்பேன், முங்கி அடிமண் எடுத்து வருவேன். ஆனால் கிணற்றில் நாலு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். சென்னையில் 25 மீட்டர் குளம் ஒன்றில் சேர்ந்து ஃப்ரீஸ்டைல் (குப்புறப் படுத்துக் கையை மாற்றி மாற்றி வீசிப் போகும் நீச்சல்) போட்ட முதல் நாள், முக்கால் தூரத்தில் மூச்சு வாங்கி லேன் கயிற்றைப் பிடித்துவிட்டேன்.

தம் அதிகமாக வேண்டும், கை கால் வீச்சும் சரியாக வேண்டும். இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, எவ்வளவு மெதுவாக இருந்தாலும் நிற்காமல் நீந்து, தம் தானாக வரும். இன்னொன்று, தூரத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று மூச்சு ஆறிவிட்டுப் போ. முதல் வழியில் மூன்று மாதமும் இரண்டாவதில் ஏழு மாதமும் போயிருக்கிறேன். இரண்டாவதுதான் சரி என்பது என் கட்சி.

முதல் வழியின் மேல் ஈர்ப்பு வருவது இயல்பு. 1994-இல் குற்றாலீசுவரன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்ததைப் பேப்பரில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். நீச்சல் என்றால் நிற்காமல் போவது என்றே மனதில் பதிந்திருக்கிறது. அதில் வசதியும் உண்டு. கடிகாரம் பார்க்க வேண்டாம், கணக்கு வைக்க வேண்டாம், முக்கால் மணி நேரம் மனம் அமைதியாக இருக்கும். கூட்டமான லேனில் சுவரோரம் நின்று பின்னால் வருபவரை மறிக்கவும் வேண்டாம். உடம்பு இளைக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் இதுவே போதும். எனக்கும் மூன்று மாதத்தில் 200 மீட்டர் வரை வந்தது.

அங்கேயே நின்றும் விட்டது. காரணம் தேடியபோது எல்லாம் மூச்சில் வந்து முடிந்தது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிணற்றில் முங்கிப் பழகியவர்களுக்குத் தண்ணீருக்குள் முகம் போனதுமே தம் கட்டும் பழக்கம் வந்துவிடுகிறது. முங்கு நீச்சலுக்கு அது வேண்டும். ஃப்ரீஸ்டைலுக்கு அதுவே எதிரி. மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்து வருவதில்லை. உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேரச் சேர மூளை அவசரப்படுத்துகிறது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் சீராகக் குமிழி விட்டுவந்தால், பக்கவாட்டில் திரும்பும் அந்த ஒரு நொடி முழுவதும் இழுப்பதற்குக் கிடைக்கும். தம் கட்டினால் அதே நொடிக்குள் பழைய மூச்சையும் விட வேண்டும், புதிய மூச்சையும் இழுக்க வேண்டும். இரண்டும் அரைகுறையாகப் போகும். காற்று போதாமல் தலையைத் தூக்குவோம். தலை தூக்கினால் இடுப்பும் காலும் இறங்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது, தாழ்ந்த காலை அதற்குள் இழுத்துக்கொண்டு போவது பெரும் பாடு. காலை மேலே கொண்டுவர வேகமாக உதைப்போம். தொடையில் இருப்பதெல்லாம் பெரிய தசைகள், இருக்கிற ஆக்சிஜனையும் அவை தின்றுவிடும்.

நிற்காமல் நீந்தும்போது இந்தச் சங்கிலி முதல் 50 மீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. மீதித் தூரம் முழுக்கத் தப்பான நீச்சலைத்தான் உடம்பு திரும்பத் திரும்பப் படிக்கிறது. எத்தனை கை வீசுகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். முதல் 25 மீட்டருக்கு 28 கை, எட்டாவது 25-க்கு 37. தம்மை வளர்ப்பதாக எண்ணிக்கொண்டு, தலை தூக்குவதையும் கால் தாழ்வதையும் வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெட்டி நீந்துவதில் ஒவ்வொரு 25-ம் புதுத் தொடக்கம். முதல் இரண்டு வாரம் இப்படித்தான் போனது: ஆழமில்லாத பக்கத்தில் நின்று, முங்கிக் குமிழி விட்டு எழுவது 20 முறை. பிறகு 25 மீட்டர் வீதம் பத்து தடவை, நடுவில் 30 நொடி ஓய்வு. கண் குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும், மூச்சுக்குத் திரும்பும்போது காகிள்ஸின் ஒரு பக்கக் கண்ணாடி தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. கை எண்ணிக்கை ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிடுவேன். அப்புறம் ஓய்வை 20 நொடி ஆக்கினேன், பிறகு 15. அதற்குப் பின்தான் 50 மீட்டர் வீதம் எட்டு. நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்க நிற்காமல் போனேன், 400 மீட்டர் வந்தது. கடைசி 25-க்கும் 26 கைதான்.

இதில் சிரமம் இல்லாமல் இல்லை. வேளச்சேரி போன்ற 50 மீட்டர் குளத்தில் நடுவில் சுவர் கிடையாது, புதியவருக்கு ஒரு துண்டே நீளமாகப் போய்விடும். அங்கே அகலவாட்டில் நீந்த அனுமதி கேட்டுப் பார்க்கலாம். மாலை ஆறு மணி பேட்ச்சில் கூட்டம் அதிகம், ஓய்வு எடுக்கும்போது சுவரின் மூலையில் ஒதுங்கி நிற்க வேண்டும், அதிகாலை பேட்ச் நல்லது. முதல் மாதம் முன்னேற்றமே இல்லாதது போலவும் தோன்றும். பக்கத்து லேனில் ஒருவர் நிற்காமல் போய்வரும்போது நாம் நின்றுகொண்டே இருப்பது மனதைச் சோர்வடையச் செய்யும். எனக்குச் செய்தது.

இதெல்லாம் ஃப்ரீஸ்டைலை வைத்துச் சொல்வது. ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு கைவீச்சுக்கும் முகம் மேலே வந்துவிடுவதால் நிற்காமல் போகும் வழி அங்கே இன்னும் நன்றாகப் பலிக்கலாம், நான் அதில் போதுமான அளவு நீந்தியதில்லை. கடலில் ஒரே ஒரு முறை, அதுவும் துணையோடு இறங்கியிருக்கிறேன். அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். ஆஸ்துமாவோ இதயத் தொந்தரவோ இருப்பவர்கள் எந்த வழியானாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நிற்காமல் நீந்துவதை நான் முழுக்க விட்டுவிடவில்லை. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் துண்டு நீச்சல், ஞாயிறு மட்டும் ஒரே மூச்சாக 400. மூச்சு இன்னும் வலப்பக்கம்தான் வசதியாக வருகிறது. இடப்பக்கம் திரும்பினால் இப்போதும் தண்ணீர் வாய்க்குள் போகிறது. அதனால் இந்த மாதம் மறுபடியும் 25 மீட்டர் வீதம் பத்து, இடப்பக்கம் மட்டும், நடுவில் 30 நொடி.