கார் ஏ.சி. குளிரேல்லையோ: காஸ் மட்டும் அடிப்பமோ, முழுக்கப் பாப்பமோ?

சித்திரை வெயிலுக்குள்ள கண்டி வீதியால வரேக்க ஏ.சி. வெறுங்காத்து அடிச்சால் இந்தக் கேள்விதான் வரும். ஏ.சி. காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமானில்லை. கெதியாக் குறைஞ்சால் எங்கயோ ஒழுகுது. என்ர காரில கொண்டென்சர் (முன்பக்கம் ஏ.சி. காஸின்ர சூட்டை வெளிய விடுற பாகம்) மூலையில எண்ணெய்ப் பிசுக்கும் அதில ஒட்டின புழுதியுமாக் கறுத்துக் கிடந்தது. ஒழுக்கு அங்கதான்.

செலவு
காஸ் மட்டும்: இண்டைக்கு மலிவு, ஒழுக்கிருந்தால் திரும்பத் திரும்பக் காசு.
முழுச்சோதனை: முதலே கூடக் குடுக்கோணும்.

நேரம்
காஸ் மட்டும்: கொஞ்ச நேரம்.
முழுச்சோதனை: அரைநாள் ஒதுக்குங்கோ.

அளவு
காஸ் மட்டும்: காஸ் அமுக்கம் காட்டுற மீற்றரைப் பாத்து ஒரு மட்டுக்கு அடிக்கிறது. இதிலதான் கனபேர் ஏமாறுகினம். காஸ் கூடினாலும் குளிர் குறையும், காஸை அமத்தி ஓட வைக்கிற கொம்பிரசருக்கும் கூடாது.
முழுச்சோதனை: மிச்சக் காஸை எடுத்து, ஒழுக்கை அடைச்சு, அரை மணித்தியாலமாவது வக்கூம் பிடிச்சுக் காத்தையும் ஈரத்தையும் இழுப்பினம். பிறகு பொனற்றுக்குக் கீழ ஸ்டிக்கரில இருக்கிற கிராம் கணக்குக்கு நிறுத்து அடிப்பினம்.

ஹைபிரிட் வைச்சிருக்கிற ஆக்கள் கவனம். கரண்டில ஓடுற கொம்பிரசருக்கு வேற எண்ணெய். எண்ணெய் கலந்த காஸ் ரின்னை அதுக்கு அடிக்கவே வேண்டாம்.

கன வருசமாக் கொஞ்சம் கொஞ்சமாக் குளிர் குறைஞ்ச பழைய காருக்கு, ஒழுக்குத் தெரியாட்டில், காஸ் மட்டும் போதும். போன வருசம் அடிச்சு இப்ப திரும்பவும் குளிரில்லையெண்டால் முழுக்கப் பாருங்கோ. ரெண்டுக்கும் முதல் முன் ஃபான் சுத்துதோ, உள்ளுக்குக் காத்து ஃபில்டர் அடைச்சிருக்கோ எண்டு பாத்திட்டுப் போங்கோ.