பின்னிக்கொள்ளும் வாழ்க்கைகள்: எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?

ஒரே நகரத்தில் வாழும், ஒருவரையொருவர் அறியாத மனிதர்களின் கதைகள் பின்னிக்கொள்ளும் வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால், பலரும் 2006இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற 'கிராஷ்' படத்தையே முதலில் சொல்கிறார்கள். நான் மெக்சிகோ நகரத்தில் நிகழும் 'அமோரெஸ் பெர்ரோஸ்' (2000) படத்தையே சொல்வேன்.

லாஸ் ஏஞ்சலஸில் நிகழும் 'கிராஷ்' படத்தில், சோதனை என்ற பெயரில் ஒரு பெண்ணை அவமானப்படுத்திய காவலரே மறுநாள் அவளை எரியவிருக்கும் காரிலிருந்து மீட்கிறார். அந்தக் காட்சி நெஞ்சைப் பதறவைக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால், அவ்வளவு பெரிய நகரத்தில் அவ்விருவரும் மீண்டும் எதிர்ப்படுவதற்கு, இனவெறியைப் பற்றி இயக்குநர் பால் ஹாகிஸ் சொல்ல விரும்பும் பாடத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. படம் முழுவதும் தற்செயல்கள் இப்படித்தான் அழைத்தவுடன் வந்து நிற்கின்றன.

'அமோரெஸ் பெர்ரோஸ்' படத்திலோ ஒரே ஒரு கார் விபத்துதான் மையம். காயமடைந்த சண்டை நாயுடன் தப்பியோடும் ஒக்டாவியோ, விளம்பர அழகி வலேரியா, தெருநாய்களோடு வாழும் கூலிக் கொலையாளி எல் சிவோ ஆகிய மூவரையும் அந்த ஒரு நொடி இணைக்கிறது. அதன் பிறகு அவரவர் துயரத்தை அவரவரே சுமக்கிறார்கள். காலை இழக்கும் வலேரியா, வீட்டுச் சன்னலுக்கு எதிரே தன் படம் இருந்த விளம்பரப் பலகை வெறுமையாகிவிட்டதைப் பார்ப்பாள். அங்கே வசனத்துக்குத் தேவையே இல்லை. விபத்திலிருந்து எல் சிவோ காப்பாற்றி வளர்க்கும் நாய், அவருடைய மற்ற நாய்களையெல்லாம் கடித்துக் கொன்றுவிடுகிறது. துப்பாக்கியை நீட்டிய பிறகும் அவரால் அதைச் சுட முடியவில்லை, ஏனெனில் கொல்வதற்கென்றே பழக்கப்பட்ட அந்த உயிரில் அவர் தன்னையே காண்கிறார். இயக்குநர் இனாரித்துவுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம் என்பதை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை.

ராபர்ட் ஆல்ட்மனின் 'ஷார்ட் கட்ஸ்' (1993) எனக்கு இரண்டாவது தேர்வு. ரேமண்ட் கார்வரின் கதைகளை லாஸ் ஏஞ்சலஸில் நிகழவைக்கும் அது அருமையான படம்தான். எனினும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அதில் இருபதுக்கும் மேற்பட்ட முதன்மைப் பாத்திரங்களை நினைவில் வைத்துக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

நேப்பியர் பாலத்துச் சம்பவத்தை மையமாக வைத்து மூன்று இளைஞர்களின் கதைகளைச் சொன்ன 'ஆய்த எழுத்து' (2004) பிடித்தவர்களுக்கு 'அமோரெஸ் பெர்ரோஸின்' அமைப்பு அந்நியமாக இராது. ஆனால் முதல் பகுதியில் வரும் நாய்ச் சண்டைகள் கொடூரமானவை. படப்பிடிப்பில் விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்ற அறிவிப்பு இருந்தாலும், அவற்றைப் பார்க்க மனம் கூசும். அதைக் கடந்து இறுதிவரை பாருங்கள்: பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன மகளின் தொலைபேசிப் பதிவுக் கருவியில் எல் சிவோ மனம்விட்டுப் பேசுகிறார், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பதற்குள் பதிவு நின்றுவிடுகிறது.