தீவிரக் கண்காணிப்பா, உடனடித் தண்டனையா, தேவையறிந்த மேற்பார்வையா?

கொள்ளை, கொடுங்காயம், போதைப்பொருள் விற்பனை போன்ற கடுங்குற்றங்களில் தண்டிக்கப்பட்டும் சிறைக்குப் போகாமல், நீதிமன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு வெளியே வாழ்பவர்களை மேற்பார்வையிட இன்று முக்கியமாக மூன்று முறைகள் உள்ளன. இன்னொருவர் பாதிக்கப்படாமல் தடுப்பது எது என்ற ஒரே கேள்வியை வைத்தே அவற்றை அளக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலாவது தீவிரக் கண்காணிப்பு: அடிக்கடி ஆஜராதல், முன்னறிவிப்பின்றி வீட்டுச் சோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, கணுக்காலில் ஜிபிஎஸ் பட்டை. கேட்பதற்கு இதுவே பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் 14 இடங்களில், ஆட்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் மீண்டும் கைதானவர்கள் தீவிரக் கண்காணிப்பில் 37 சதவீதம், வழக்கமான மேற்பார்வையில் 33 சதவீதம். நிபந்தனையை மீறியதாகப் பிடிபட்டவர்களோ தீவிரக் கண்காணிப்பில் 65 சதவீதம், வழக்கமான மேற்பார்வையில் 38 சதவீதம். உற்றுப் பார்க்கப் பார்க்கச் சிறு தவறுகள்தான் அதிகம் சிக்கின. இரவுப் பணியில் இருப்பவர் சார்ஜ் போட இடமின்றிப் பட்டையின் பேட்டரி அணைந்துவிட்டால், அதுவும் மீறலாகவே பதிவாகக்கூடும்.

இரண்டாவது உடனடித் தண்டனை: அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 2004-இல் தொடங்கிய 'ஹோப்' முறை. மீறல் நடந்தால் தாமதமின்றி, தவறாமல், சில நாள் மட்டும் சிறை. அங்கே நல்ல பலன் கிடைத்தது; ஆனால் அமெரிக்காவின் வேறு நான்கு மாநிலங்களில் நடந்த மறுசோதனையின் முடிவுகள் 2016-இல் வந்தபோது, மறுகைதுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

மூன்றாவது தேவையறிந்த மேற்பார்வை: கனடிய உளவியலாளர்கள் ஆண்ட்ரூஸ், போன்டா, ஹோக் ஆகியோர் 1990-இல் வகுத்தது. மீண்டும் குற்றம் செய்யும் அபாயம் அதிகமுள்ளவருக்கே அதிகக் கவனம் தர வேண்டும்; குற்றத்துக்கு இட்டுச்செல்லும் எண்ணப்போக்கு, கூடாநட்பு, போதைப்பழக்கம் ஆகியவற்றையே கையாள வேண்டும்; அதையும் அவர் கற்றுக்கொள்ளக்கூடிய விதத்தில் செய்ய வேண்டும். இழைத்த குற்றம் கொடியது என்பதாலேயே மறுகுற்ற அபாயமும் அதிகம் என்று ஆகிவிடாது. அபாயம் குறைந்தவரைக் கடுமையான திட்டத்தில் தள்ளினால், அவரைத் தாங்கி நிற்கும் வேலையும் குடும்பமும் குலைந்து நிலைமை மோசமாகவும் கூடும்.

இதன் வெற்றி, இவர்களை மேற்பார்வையிடும் நன்னடத்தை அலுவலரின் அறைக்குள்தான் தீர்மானமாகிறது. கனடாவின் மனிடோபாவில் அத்தகைய சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, நிபந்தனைகளைப் பற்றியே பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேசப்பட்டவர்களிடம் மறுகுற்றம் கூடுதலாக இருந்தது. "கையெழுத்துப் போட்டீர்களா, முகவரி மாறியதா" என்பதோடு முடியும் சந்திப்புக்கும், "பணத்தகராறு முற்றிய அந்தக் கணத்தில் மனதில் என்ன ஓடியது, அடுத்தமுறை என்ன செய்வீர்கள்" என்று கேட்டுப் பயிற்றுவிக்கும் சந்திப்புக்கும் உள்ள தூரம் அது. ஓர் அலுவலரிடம் நூற்றுக்கணக்கானோரை ஒப்படைத்தால் இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு நேரமிருக்காது.

ஆகவே நான் மூன்றாவதையே அடித்தளமாகக் கொள்வேன். உடனடித் தண்டனையிலிருந்து, மீறலுக்கான விளைவை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கணுக்கால் பட்டையைக் கைவிடச் சொல்லமாட்டேன். பாதிக்கப்பட்டவரின் வீட்டை நெருங்கக் கூடாது என்ற தடை இருக்கும் வழக்கில் அதற்குத் தேவை உண்டு. ஆனால் நள்ளிரவில் எச்சரிக்கை ஒலித்தால் உடனே பாதிக்கப்பட்டவரை அழைத்துச் சொல்லவும் காவலரை அனுப்பவும் ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும்.