நீள்முடிப் பூனையின் சடை: நீண்ட நாள் பயன்பாட்டில் எது நிற்கிறது, எது மூலையில் கிடக்கிறது

பெர்சியன், ஹிமாலயன், மெயின் கூன் என்று எந்த நீள்முடிப் பூனை வளர்த்தாலும் முதலில் வாங்குவது ஸ்லிக்கர் பிரஷ், அதாவது வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த பிரஷ். கடைசியில் கையில் தங்குவது ஸ்டீல் சீப்பு. ஸ்லிக்கர் மேல்முடியைப் பளபளவென்று ஆக்கிவிடும். அடியில், தோலை ஒட்டி, முடி சிக்கித் திரண்ட சடை அதன் பாட்டுக்குக் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கும். "தினமும் பிரஷ் போடுகிறேன், அப்படியும் சடை விழுகிறதே" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

உதிர்ந்த அடிமுடி கீழே விழாமல் நீண்ட மேல்முடிக்குள் மாட்டிக்கொள்வதில்தான் சடை தொடங்குகிறது. அதோடு உராய்வு சேரும் இடத்தில் முடிச்சு இறுகும். அக்குள், தொடையிடுக்கு, வயிறு, காதுக்குப் பின்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், பின்னங்கால் தொடையின் பின்பக்கம்: இந்த ஆறு இடங்களையும் விரலால் தடவிப் பார்த்தாலே போதும். முதுகு கடைசியில்தான் கெடும், அங்கே சீவிக்கொண்டிருப்பதில் பூனைக்குச் சுகம் உண்டு, பயன் குறைவு.

சீப்பில் பாதிப் பல் அகலமாகவும் பாதி நெருக்கமாகவும், முனை உருண்டையாகவும், பல் நீளம் 2.5 முதல் 3 செ.மீ. வரையிலும் இருந்தால் சரி. குட்டைப் பல் தோலைத் தொடாது. மலிவான சீப்பில் முலாம் உரிந்து பல் சொரசொரப்பாகும். நகத்தால் பல்லை வழித்துப் பார்த்தால் தெரியும். அப்போதே தூக்கிப் போட்டுவிடலாம். சுழலும் பல் வைத்த சீப்பு புதிதில் இழுவையைக் குறைக்கிறது, ஆனால் பல்லின் அடிக்குழியில் முடி போய் அடைத்ததும் சுழலாது. அதைக் குத்தி எடுத்துச் சுத்தம் செய்யப் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

சீவும் முறை சீப்பைவிட முக்கியம். பூனையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கையால் முடியை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் தோல் தெரியும்படி ஒரு வகிடு கிடைக்கும். வகிட்டுக்குக் கீழே இருக்கும் மெல்லிய வரிசையை மட்டும் தோலிலிருந்து நுனிவரை சீவ வேண்டும். பிறகு கையை அரை அங்குலம் நகர்த்தி அடுத்த வரிசை. முதலில் அகலப் பல், பிறகு நெருக்கப் பல். நெருக்கப் பல் எங்கும் நிற்காமல் நுனிவரை வழுக்கி வந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம்.

சுண்டைக்காய் அளவு முடிச்சைப் பிரிக்கலாம். சடைக்கும் தோலுக்கும் நடுவில் முடியின் அடியை இரு விரலால் இறுக்கிப் பிடியுங்கள். இழுவை உங்கள் விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளார் தூவித் தேய்த்தால் எண்ணெய்ப் பசை குறைந்து இழைகள் பிரியும். சடையை முடி வளரும் திசையில் நீளவாக்கில் இரண்டு மூன்றாகக் கிழித்துவிட்டு, சீப்பின் ஓரத்துப் பற்களால் நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வர வேண்டும். அடியிலிருந்து இழுத்தால் சடை இன்னும் இறுகும், பூனையும் அடுத்த முறை சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வளைந்த கத்திகள் உள்ள டீமேட்டிங் ரேக் கழுத்துப் பிடரியிலும் தொடையின் பின்பக்கத்திலும் வேகமாக வேலை செய்கிறது. சடையை அது அறுக்கிறது, பிரிப்பதில்லை. அதனால் முடி ஏற்ற இறக்கமாக நிற்கும். தோல் மடிப்பு உள்ள அக்குளிலும் தொடையிடுக்கிலும் அதைக் கொண்டுபோகவே கூடாது. கத்தி மழுங்கியதும் அறுக்காமல் இழுக்கத் தொடங்கும். உதிர்முடி எடுக்கும் பிளேடு கருவிகள் சடைக்கானவை அல்ல. முடிச்சில் மாட்டி இழுக்கும், அடிக்கடி போட்டால் மேல்முடியையும் வெட்டிவிடும்.

கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். பூனையின் தோல் மெல்லியது, தசையோடு ஒட்டாமல் தளர்வாக இருப்பது. சடையைத் தூக்கிப் பிடித்தால் தோலும் கூடவே கூம்பு போல் எழுந்து சடைக்குள் ஒளிந்துகொள்ளும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குப் பிடிபடாது. வெட்டுப்பட்டால் காயம் அகலமாக விரியும், தையல் போட வேண்டிவரும். சீப்பை அடியில் நுழைத்து அதற்கு மேலே வெட்டுவது பாதுகாப்பு என்பார்கள். சீப்பு நுழையும் சடை என்றால் பிரித்தே எடுத்துவிடலாம். நுழையாத சடைக்கு அந்த யோசனை பயன்படாது.

இறுகிப்போன சடைக்குக் கிளிப்பர் என்ற மின்சார முடிவெட்டும் கருவிதான். 10 எண் பிளேடு சுமார் 1.5 மி.மீ. முடியை விட்டு வெட்டும். முடி கொஞ்சம் நீளமாக நிற்கட்டும் என்று 4, 5 எண் பிளேடு போடுபவர்கள் உண்டு. அவற்றின் பல் இடைவெளி அதிகம், தோல் மடிப்பு அதற்குள் போய்விடும். பிளேடின் மேலே மாட்டும் பிளாஸ்டிக் சீப்பும் சடைக்குள் நுழையாது. தாடி டிரிம்மர் அடர்ந்த அடிமுடியில் திணறி நின்றுவிடும். தோலை ஒரு கையால் தட்டையாக இழுத்துப் பிடித்து, பிளேடைத் தோலோடு படுக்கையாக வைத்து, சடைக்கும் தோலுக்கும் நடுவே மெதுவாக ஓட்ட வேண்டும். சடையைப் பிடித்து இழுக்காதீர்கள். முனை தோலில் குத்தும்படி சாய்க்காதீர்கள். வயிற்றில் முலைக்காம்புகள் எங்கே என்று முன்பே விரலால் தடவித் தெரிந்துகொள்ளுங்கள், ஆண் பூனைக்கும் உண்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை மணிக்கட்டின் உள்பக்கத்தில் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி ஆறவிட வேண்டும். பிளேடுக்கு எண்ணெய் விடாததும், இடுக்கில் முடி அடைத்திருப்பதும்தான் பெரும்பாலும் சூட்டுக்குக் காரணம்.

சடையோடு குளிப்பாட்டுவது வேலையை இரட்டிப்பாக்கும். நனைந்து காய்ந்த சடை கம்பளித் துண்டு மாதிரி இறுகிவிடும். சீவி முடித்த பிறகுதான் தண்ணீர். சிக்கெடுக்கும் ஸ்பிரே மேல் சிக்குக்குக் கொஞ்சம் உதவும், பழைய சடைக்கு ஒன்றும் செய்யாது. பூனை எதையும் நக்கி விழுங்கிவிடும் என்பதால் டீ ட்ரீ எண்ணெய் கலந்த எதுவும் கூடாது. நாய்களுக்கான பூச்சி ஸ்பிரேக்களில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு உயிருக்கே ஆபத்து.

ஒரு அமர்வு 5 முதல் 10 நிமிடம். வால் நுனி அடித்துக்கொள்வது, காது பின்னால் மடங்குவது, முதுகுத் தோல் துடிப்பது இவற்றில் ஒன்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்று ஒரு அக்குள், நாளை இன்னொன்று என்று போனால் போதும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றைக்கு மட்டுமல்ல, வீட்டிலேயே செய்யும் திட்டத்தையே விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உடல் முழுவதும் ஒரே போர்வையாகச் சடை பிடித்திருந்தாலும், அடியில் சிவப்பு, ஈரம், நாற்றம், புழு இருந்தாலும் கால்நடை மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து மழிப்பதே நல்லது. மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிட வேண்டாம், பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். வயதான பூனைக்குக் கீழ்முதுகில் புதிதாகச் சடை விழத் தொடங்கினால், சீப்பை மாற்றும் முன் மூட்டையும் பல்லையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்: வலி இருக்கும் பூனை திரும்பி நக்கிக்கொள்ளாது. உடல் பருமன் உள்ள பூனைக்கும் நாக்கு அங்கே எட்டாது.

மழித்த இடம் பழைய நீளத்துக்கு வர மாதங்கள் ஆகும். ஹிமாலயன் போன்ற பாயிண்ட் நிறப் பூனைகளுக்கு (முகம், காது, கால், வால் மட்டும் கருத்திருப்பவை) அந்த இடம் கருமையாக வளரலாம். தோல் குளிர்ந்தால் நிறமி கூடும் இனம் அது, அடுத்த முடி உதிர்வில் பெரும்பாலும் சரியாகிவிடும். முடி விரற்கடை உயரம் வந்ததுமே நெருக்கப் பல்லால் சீவத் தொடங்குங்கள். அந்தக் குட்டை அடிமுடியிலும் சிக்கு விழலாம்.