பிரேக் பைப்: எஃகு, செப்பு-நிக்கல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் – வீட்டில் வேலை செய்பவருக்கு எது பொருந்தும்?

காரின் வேகம் இரு மடங்கானால், அதை நிறுத்தும்போது பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே இன்ஜினின் வலுவைக் கூட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் பிரேக்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்த வேலையில் இறங்கும் பலரும் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிப்பர் என்று தேடுகிறார்களே தவிர, மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை அழுத்தத்தைக் கொண்டுசெல்லும் 4.75 மி.மீ. பருமனுள்ள பைப்பை எதனால் செய்வது என்பதில் போதிய கவனம் செலுத்துவதில்லை. அவசரத்தில் மிதியை முழுப் பலத்தோடு அழுத்தினால் அந்தப் பைப்புக்குள் அழுத்தம் 100 பாரை எட்டக்கூடும்.

பெரும்பாலான கார்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது எஃகுப் பைப்போடுதான் வருகின்றன. மெல்லிய தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பால் பற்றவைத்து, மேலே பூச்சு கொடுத்த பைப் அது. வலிமையிலும் விலையிலும் அதைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் துருவில் இருக்கிறது: பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில் சேறும் ஈரமும் தங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரிப்பு தொடங்குகிறது. வீட்டில் வெட்டி வளைக்கும்போது கருவி பட்ட இடங்களில் பூச்சு உரிந்துவிடுவதால், புதிதாகப் போட்ட எஃகுப் பைப்பும் தொழிற்சாலைப் பைப் அளவுக்கு உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

செப்பு-நிக்கல் கலவையில் ஏறத்தாழ 90 விழுக்காடு செம்பும் 10 விழுக்காடு நிக்கலும் சிறிதளவு இரும்பும் உள்ளன. வால்வோ நிறுவனம் 1970களிலேயே இதைத் தன் கார்களில் பயன்படுத்தத் தொடங்கியது. இது துருப்பிடிப்பதில்லை, கையாலேயே வளைக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, பைப்பின் முனையை இணைப்புக்காக விரித்துக் கொடுக்கும் (இதுவே ஃபிளேர்) சாதாரணக் கருவியிலேயே சுத்தமான முனை கிடைக்கும். மென்மையான உலோகம் என்பதால் கிளிப்புகளை நெருக்கமாக வைத்து, அதிர்ந்து உராயாதபடி பொருத்த வேண்டும் என்பது மட்டுமே இதன் குறை. பார்வைக்கு இதை ஒத்திருக்கும் தனிச் செம்புப் பைப்பை எக்காரணத்தாலும் பிரேக்குக்குப் போடக் கூடாது. தொடர்ந்த அதிர்வில் அது இறுகி விரிசல் விடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூன்றிலும் கடினமானது, அழகானது, துருவுக்கும் அஞ்சாதது. ஆனால் அந்தக் கடினமே வீட்டுப் பட்டறையில் எதிரியாகிறது. விலை குறைந்த கருவியின் பிடியில் பைப் வழுக்கும். இரட்டை ஃபிளேர் அடிக்கும்போது விளிம்பில் மயிரிழை விரிசல் விழும். ஃபிளேர் முனை தான் பொருந்தும் பரப்பில் சரியாகப் படியாததால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காமல் போகலாம். உங்கள் காருக்கென்றே வளைத்து முனை அடித்து விற்கப்படும் தொகுப்பாகக் கிடைத்தால் வாங்கலாம். நேர்ப் பைப்பாக வாங்கி நாமே செய்வதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தப் பைப்பானாலும் அதன் பாதுகாப்பு ஃபிளேரில்தான் இருக்கிறது. உருளை வெட்டியால் நேராக வெட்டி, உள்விளிம்பில் நிற்கும் பிசிரை நீக்கி, நட்டை மறவாமல் முதலில் கோத்துவிட்டு, முனைக்கு வடிவம் கொடுக்கும் அச்சின் தோள் உயரத்துக்குச் சரியாகப் பைப்பை நீட்டிப் பிடிக்க வேண்டும். முதல் அழுத்தத்தில் முனை குமிழாக உப்பும். அச்சை எடுத்துவிட்டுக் கூம்பால் இரண்டாம் முறை அழுத்தும்போது அந்தக் குமிழ் உள்நோக்கி மடிந்து இரட்டைச் சுவராகிறது. மடிப்பு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் தெரிந்தால், தயங்காமல் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். 45 பாகை இரட்டை ஃபிளேரும், உள்ளே மடிக்காமல் விடும் குமிழ் ஃபிளேரும் ஒன்றுக்கொன்று மாற்றாகா என்பதால், பழைய பைப்பின் முனையைப் பார்த்து அதே வகையைத்தான் அடிக்க வேண்டும். பழுதான இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, ஃபிளேர் இல்லாமல் வளையத்தை நெருக்கிப் பிடிக்கும் இணைப்பியால் ஒட்டுப்போடுவது பிரேக்கில் செய்யவே கூடாத வேலை.

சக்கரத்தருகே வரும், வளைந்துகொடுக்கும் குழாயான ஹோஸில் போட்டி ரப்பருக்கும், டெஃப்லான் குழாயின் மேல் கம்பி பின்னிய வகைக்கும் இடையே நடக்கிறது. பின்னிய ஹோஸ் அழுத்தத்தில் குறைவாக உப்புவதால் மிதி உறுதியாக உணரப்படும். ஆனால் டயரின் பிடிப்பு மாறாதவரை நிற்கும் தூரம் அதனால் குறைந்துவிடாது. இந்த ஒப்பீட்டில் பலர் செய்யும் பிழை, ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தளர்ந்த ரப்பரைக் கழற்றிவிட்டுப் புதிய பின்னல் ஹோஸைப் போட்டு வேறுபாட்டை அளப்பதாகும். புதிய ரப்பர் ஹோஸையும் புதிய பிரேக் ஆயிலையும் போட்டிருந்தால் அந்த வேறுபாட்டின் பெரும்பங்கு அப்போதே கிடைத்திருக்கும். மேலும், ரப்பர் முதுமையடைந்தால் வெளியே வெடிப்பாகக் காட்டிக்கொடுக்கும். பின்னலோ உள்ளே இருக்கும் பழுதை மறைத்துவிடும். பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்குப் பின்னல் ஹோஸ் பொருந்தும், அதுவும் மேலே பிளாஸ்டிக் உறை இட்டதாக இருந்தால் மட்டும். சாலைக் காருக்கு நான் ரப்பரையே தேர்வேன்.

பிரேக் ஆயிலில் பார்க்க வேண்டியது கொதிநிலை. டாட் (DOT) என்ற தரக் குறியீட்டில், டாட் 4 வகைக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 155, டாட் 5.1 வகைக்கு 260, 180. பெயரில் ஒத்திருக்கும் டாட் 5 சிலிக்கோன் வகை; மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

வேலையின்போது ஆயில் தொட்டி வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அலகுக்குள் காற்று புகுந்துவிட்டால் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது. அந்நிலையில் பட்டறைக்குக் கொடுத்துவிடுவதே சரி. பைப்புகளிலுள்ள காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) முடித்த பின் இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் மிதியை முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். தாளில் ஈரம் பட்டாலோ, மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ, காரணத்தைக் கண்டு சரிசெய்யும்வரை காரைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.